மண்ணுக்கு இறங்கிய டிசைனர்கள்



இந்த ஞாயிறு கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். முப்பது வருஷம் நோட்டு திருத்தியவள் நான்.

இன்றைய பாடம் தோட்டம். எந்தச் செடிக்கு எவ்வளவு உரம் என்ற குறிப்பு இல்லை. தோட்டத்தை வடிவமைப்பது ஒரு தொழிலாக எப்படி வளர்ந்தது, அதற்குள் யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற வரலாறு.

ஏன் திடீரென்று இது என்று கேட்பீர்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பையன் ஒருவன் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிசைனராக இருக்கிறான். வண்டி பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற வேலை. ஏழு வருஷ சர்வீஸ். அதை விட்டுவிட்டு நகரத் தோட்டங்கள் வடிவமைக்கப் போகிறேன் என்கிறான். மொட்டைமாடி, அடுக்குமாடிக் குடியிருப்பு, தொழிற்சாலை வளாகம், எல்லாவற்றுக்கும் தண்ணீரை வீணாக்காத, நம் ஊர் மரம் செடிகளை வைத்த தோட்டம். வீட்டில் பெரிய சண்டை. அவனுடைய அம்மா எனக்குப் போன் செய்து சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சரம்மா, இவன் மண்வெட்டிய தொடக்கூடாதுன்னுதானே அவங்கப்பா கடன ஒடன வாங்கிப் படிக்க வெச்சாரு. இப்ப மாலி வேலைக்குப் போறேங்கறான். நீங்க சொன்னா கேப்பான்."

பெயர் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்று அம்மாவும் மகனும் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் பேச்சில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம் பக்கம் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். கூலிக்குக் களை எடுத்தவர், வாசலுக்கு வெளியே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தவர் அவர். மகன் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்வதை அவர் வெறும் சம்பளமாகப் பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குனிந்த முதுகு நிமிர்ந்ததாகப் பார்க்கிறார். அதனால் "உன் விருப்பம்போல் செய் கண்ணு" என்று பையனிடம் சொல்லிவிட்டு என்னால் நகர முடியாது. "போகாதே" என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன். எனக்குத் தெரிந்த வழி, பழைய கதைகளைப் புரட்டிப் பார்ப்பதுதான்.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். கெர்ட்ரூட் ஜெகில் என்ற அம்மையார் 1843-ல் பிறந்தவர். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1861-ல், லண்டன் சவுத் கென்சிங்டன் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியம் மட்டுமல்ல, பூவேலைத் தையல், வெள்ளி வேலை, மரச் செதுக்கு வேலை என்று கையால் செய்யும் எல்லாவற்றிலும் தேர்ந்தவர். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு டிசைனர். ஆனால் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கடுமையான கிட்டப்பார்வைக் கோளாறு. 1891-ல் ஜெர்மனியில் ஒரு பெரிய கண் மருத்துவரிடம் காட்டினார்கள். கண்ணுக்கு நெருக்கமாக வைத்துச் செய்கிற வேலையை, அதாவது தையலையும் ஓவியத்தையும், விட்டுவிடச் சொன்னார் அவர். அப்போது ஜெகிலுக்கு வயது 47.

அந்த வயதில் தெரிந்த தொழில் கையை விட்டுப் போனால் என்ன செய்வது? ஏற்கெனவே பிரியமாகச் செய்துகொண்டிருந்த தோட்ட வேலையை முழு நேரமாக எடுத்துக்கொண்டார். ஊசி நூலில் வண்ணம் சேர்த்த கை, பூச்செடிகளில் வண்ணம் சேர்த்தது. ஒரு நீண்ட பாத்தியின் ஓரத்தில் வெளிர் நீலம், சாம்பல் பச்சை என்று தொடங்கி, மெல்ல மஞ்சளாகி, நடுவில் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கொதித்து, மறுபடி குளிர்ந்து முடியும்படி செடிகளை வரிசைப்படுத்துவார். தூரத்திலிருந்து பார்த்தாலும், பார்வை மங்கியவர் பார்த்தாலும் தெரிகிற ஓவியம் அது. வாழ்நாளில் ஏறத்தாழ 400 தோட்டங்களுக்கு வடிவம் கொடுத்தார். பல தோட்டங்களை இளம் கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யென்ஸுடன் சேர்ந்து செய்தார். புது டெல்லியை வடிவமைத்தவர்களில் ஒருவரான அதே லுட்யென்ஸ்தான்.

ஒரு சின்னச் செய்தி. 1920-ல் வில்லியம் நிக்கல்சன் என்ற ஓவியர் ஜெகிலின் உருவப்படம் வரையப் போனார். அம்மையார் பகல் வெளிச்சத்தைப் படத்துக்காக உட்கார்ந்து வீணாக்க விரும்பவில்லை. தோட்டத்தில் வேலை இருந்தது. காத்திருந்த நேரத்தில் ஓவியர் அவருடைய பழைய, தேய்ந்துபோன தோட்டத்துப் பூட்ஸ் ஜோடியை வரைந்தார். அந்தப் படம் இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண் ஒட்டிய பூட்ஸுக்கு அருங்காட்சியகத்தில் இடம்! ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜெகில் வசதியான வீட்டுப் பெண். அவருக்கு மண்ணைத் தொடுவது விருப்பம். நம் பையனின் அம்மாவுக்கு அது விதியாக இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. அதனால் ஜெகில் கதையை மட்டும் சொல்லி அந்த அம்மாவைச் சமாதானப்படுத்த முடியாது.

அடுத்து, கீழிருந்து மேலே வந்த ஒருவர். ஜோசப் பாக்ஸ்டன். 1803-ல் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்திலேயே சாட்ஸ்வொர்த் என்ற பிரபுவின் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரரானார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ராட்சத அல்லியை 1849-ல் கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்த்துப் பூக்க வைத்தார். அந்த இலை எவ்வளவு பெரிது என்றால், தன் சின்ன மகளையே அதன்மேல் நிறுத்திக் காட்டினார். இலை மூழ்கவில்லை. திருப்பிப் பார்த்தால் அடியில் விசிறிபோல் ஓடும் தடித்த நரம்புகள், அவற்றை இணைக்கும் குறுக்கு நரம்புகள். மெல்லிய பொருள் பெரிய எடையை எப்படித் தாங்குகிறது என்பதை அந்த இலையிடமிருந்து கற்றுக்கொண்டார். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சிக்காக இரும்பும் கண்ணாடியுமாக எழுந்த கிரிஸ்டல் பேலஸ் அவருடைய வடிவமைப்பு. கட்டடக் கலை படிக்காத தோட்டக்காரர் அவர். பின்னாளில் சர் பட்டமும் பெற்றார்.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகை முன்னால் நின்று போட்டோ எடுக்காத ஆள் நம் ஊரில் உண்டா? ஐந்தாம் வகுப்புச் சுற்றுலா என்றால் நாம் அங்கேதானே போவோம். 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தக் கண்ணாடி மாளிகைக்கு முன்மாதிரி அந்த கிரிஸ்டல் பேலஸ்தான். ஒரு தோட்டக்காரர் அல்லி இலையில் பார்த்தது, கப்பல் ஏறி நம் பக்கத்து ஊருக்கே வந்துவிட்டது.

லால்பாக்கைப் பற்றியும் இரண்டு வரி. 1760 வாக்கில் ஹைதர் அலி தொடங்கியது, திப்பு வளர்த்தது. இன்று 240 ஏக்கர். அரசர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் அந்த மண்ணில் வேலை செய்தவர்களில் பெரும்பங்கு திகளர் சமூகத்தினர். பெங்களூரின் காய்கறித் தோட்டங்களையும் பூந்தோட்டங்களையும் தலைமுறைகளாகக் காத்தவர்கள். தமிழ் நாட்டுப் பகுதியிலிருந்து போய்க் குடியேறியவர்கள் என்று சொல்லப்படுபவர்கள். பெங்களூர்க் கரகத் திருவிழா அவர்களுடையதுதான். 1874-லிருந்து 1908 வரை லால்பாக்கை நிர்வகித்த ஜான் கேமரூன் என்ற ஆங்கிலேயர் காலத்தில் வெளிநாட்டுக் காய்கள் பல இங்கே பழக்கப்பட்டன. நாம் "பெங்களூர் கத்திரிக்காய்" என்று கூட்டு வைக்கிறோமே, அந்தச் சௌசௌவும் அவர் கொண்டுவந்தது என்றுதான் சொல்வார்கள்.

இப்போது இன்றைய கதையின் முக்கியமான ஆளுக்கு வருகிறேன். குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் லோமன் என்ற ஊரில் 1865 டிசம்பரில் பிறந்தார். அங்கேயே தோட்டக்கலை படித்தார். 1888-ல் இங்கிலாந்து போய் ஹைட் பார்க்கில் பூப்பாத்திகள் வடிவமைத்தார். கிரிஸ்டல் பேலஸ் நின்ற அதே பூங்காதான். பிறகு புகழ்பெற்ற கியூ தாவரவியல் தோட்டத்தில் வேலை. 1893-ல் பரோடா மகாராஜா சயாஜிராவ் அழைப்பின் பேரில் இந்தியா வந்தார். அதுவரை அவருடைய வேலை என்ன? கம்பளம் விரித்தாற்போல் பூக்களை அடுக்குவது. அழகான வேலைதான்.

1908-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை லால்பாக் பொறுப்புக்கு அழைத்துக்கொண்டார். ஜெகில் அம்மையாரின் வண்ணத் தோட்டப் புத்தகம் வெளியானதும் அதே 1908-தான். பெங்களூரில் க்ரும்பீகலின் தொழில் மெல்ல மாறியது. அரண்மனைத் தோட்டத்திலிருந்து வீதிக்கு வந்தார். நகரத்தின் சாலைகள், பூங்காக்கள், பழ மரக் கன்றுகள், விதைப் பரிமாற்றம், விவசாயிகளுக்கான புதுப் பயிர்கள், கடைசியில் நகர அமைப்பு ஆலோசனை வரை அவர் கை நீண்டது. பூப்பாத்தி வடிவமைப்பாளர், ஊர் வடிவமைப்பாளர் ஆனார்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது தொடர் பூப்பு என்ற யோசனை. ஒரு சாலைக்கு ஒரு வகை மரம் என்று நட்டால், அது பூக்கிற மாதம் மட்டும் கொண்டாட்டம், மீதி மாதம் வெறுமை. அதனால் ஒரு மரம் பூத்து ஓய்கிறபோது இன்னொரு மரம் தொடங்குகிற மாதிரி நகரம் முழுக்கத் திட்டமிட்டு நடுவது. பிப்ரவரி, மார்ச்சில் ஊதா ஜக்கராண்டா, கோடையில் மஞ்சள் மரங்கள், மே மாதம் செக்கச் சிவந்த மயிற்கொன்றை என்று வருஷம் முழுக்க எங்கேனும் ஒரு தெரு பூத்திருக்கும். ஜெகில் வண்ணங்களை ஒரு பாத்தியின் நீளத்தில் வரிசைப்படுத்தினார். க்ரும்பீகல் அவற்றை ஒரு வருஷத்தின் நீளத்தில் வரிசைப்படுத்தினார். டிக்கெட் இல்லாமல், கூலிக்குப் போகிறவரும் அண்ணாந்து பார்க்கலாம்.

1932 வரை அரசுப் பணியில் இருந்தார். திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணையடியில் உருவான பிருந்தாவனத் தோட்டத்திலும் அவருடைய பங்கு பேசப்படுகிறது. போர் வந்தபோது, ஜெர்மானியர் என்பதற்காகவே பிரிட்டிஷார் அவரைப் பிடித்து அடைத்து வைத்த கொடுமையும் நடந்தது. ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. 1956 பிப்ரவரியில், 90 வயதில், பெங்களூரிலேயே காலமானார். அவரை அடக்கம் செய்த இடம் எது தெரியுமா? ஓசூர் ரோட்டில் உள்ள மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டம். நம் பிள்ளைகள் தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிற அதே ஓசூர் ரோடு.

அவருக்குப் பின் லால்பாக் பொறுப்பு இந்தியர் கைக்கு வந்தது. முதலில் ஜவராயா, பின்னாளில் மரிகவுடா. மரிகவுடா அமெரிக்காவில் ஹார்வர்ட் வரை போய் டாக்டர் பட்டம் பெற்று, திரும்பி வந்து, மாநிலம் முழுக்க அரசுப் பழப்பண்ணைகளும் நாற்றங்கால்களும் பரவக் காரணமானவர். "மாலி வேலை" என்று நாம் சொல்வதைப் படிக்க ஹார்வர்ட் போனார் என்பதைக் கவனியுங்கள்.

இதோடு நிறுத்தினால் இது பாதி வரலாறுதான். மீதிப் பாதி நம் ஊர் ஆற்றில் ஓடுகிறது.

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, கெலவரப்பள்ளி அணையில் நம்மிடம் சேர்கிறது. மழை வந்து மதகைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி, ரோட்டையே மூடுவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நேரில் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவர்களும் இருப்பீர்கள். அது சோப்பும் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்த நுரை. மேலே இருப்பது "தோட்ட நகரம்" என்று பெயர் வாங்கிய ஊர். மேலே பூ, கீழே நுரை. கண்ணுக்கு அழகாக மரம் நட்டால் மட்டும் ஊர் பசுமையாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

க்ரும்பீகல் காலத்துத் தோட்டக் கலையில் இந்தக் குறை இருந்தது. புல்வெளி என்பது ஐரோப்பிய மழைக்கு ஏற்றது. நம் வெயிலில் அது தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். அழகுக்காக வந்த மரங்களில் பல தென் அமெரிக்காவும் மடகாஸ்கரும் தந்தவை. நிழலும் கண்ணுக்குக் குளிர்ச்சியும் கொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் நம் பறவைக்கும் பூச்சிக்கும் புங்கனும் அத்தியும் நாவலும் கொடுக்கிற தீனி வேறு. அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் காலத்துத் தோட்டக் கலைக்குத் தண்ணீர் முதல் கேள்வியாக இருக்கவில்லை. நம் காலத்தில் அதுதான் முதல் கேள்வி.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் நம் பையனுக்கு ரொம்பப் பக்கத்துச் சொந்தம் மாதிரி. சுபேந்து சர்மா. தொழிற்சாலைப் பொறியாளர். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா கார் தொழிற்சாலையில் வேலை. அந்த வளாகத்தில் காடு வளர்த்துத் தர ஜப்பானிலிருந்து அகிரா மியாவாக்கி என்ற தாவரவியலாளர் வந்தார். சர்மா அவருக்கு உதவியாக நின்று கற்றுக்கொண்டார். உத்தரகாண்டில் தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு குட்டிக் காட்டை வளர்த்துப் பார்த்தார். 2011-ல் கார் வேலையை விட்டுவிட்டு, காடு வளர்த்துக் கொடுப்பதையே தொழிலாக்கி ஒரு நிறுவனம் தொடங்கினார். கார் கம்பெனியில் கற்ற ஒழுங்கு, அளவு, கணக்கு எல்லாவற்றையும் மரம் நடுவதில் கொண்டுவந்தார். நம் பையன் செய்ய நினைப்பது புதிதல்ல என்பதற்கு இதோ சாட்சி.

மியாவாக்கியின் முறை என்ன? அந்தந்த மண்ணின் சொந்த மரங்களையே, உயர மரம், நடுத்தர மரம், சிறு மரம், புதர் என்று கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடுவது. இரண்டு மூன்று வருஷம் தண்ணீரும் களையெடுப்பும் தேவை. பிறகு அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது? ஜப்பானியக் கோயில்களைச் சுற்றி யாரும் வெட்டாமல் விட்டிருந்த பழங்காட்டைப் பார்த்து. நம் முனியப்பன் கோயில் காடு, மாரியம்மன் கோயில் வேப்பந்தோப்பு எல்லாம் அதே ஜாதிதானே! சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் இப்படி ஒன்றை வளர்த்திருக்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்று சூழலியல் அறிஞர்கள் சொல்வதையும் சேர்த்தே சொல்கிறேன். புல்லும் முள்ளுமாக இருக்க வேண்டிய வறண்ட மேய்ச்சல் நிலத்தில் அடர்காட்டைத் திணிப்பது தவறு. அந்த இடத்து இயல்பு என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். டிசைனரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1980-களிலிருந்து ஓசூர் எப்படி மாறியது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ராகியும் அவரையும் விளைந்த இடத்தில் ஷெட் வந்தது, ஷெட்டில் வேலை வந்தது, வேலையால் உங்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த நன்றி இருக்க வேண்டும். இப்போது சிப்காட் நம் வாசலுக்கே வருகிறது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்து விவசாயிகள் 2023-ல் நிலம் தரமாட்டோம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாதப் பிரதிவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். எடுத்த நிலத்தில், கட்டடம் போக மிச்சமாகும் மண் என்ன ஆகிறது?

பெரிய தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது மொத்த இடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பசுமைப் பகுதியாக வைக்கச் சொல்வது வழக்கம். நூறு ஏக்கர் என்றால் முப்பத்து மூன்று ஏக்கர்! பல இடங்களில் அதில் புல்லையும் வேகமாக வளரும் கோனோகார்பஸையும் வைத்து முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோனோகார்பஸை குஜராத் அரசு 2023-ல் தடையே செய்தது. அந்த முப்பத்து மூன்று ஏக்கரில் என்ன நடவேண்டும், மழைத்தண்ணீர் எங்கே நிற்கவேண்டும், குளியலறைத் தண்ணீரைச் சுத்தம் செய்து எந்தச் செடிக்கு விடவேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டாமா? இந்த மண்ணில் விவசாயம் செய்தவர் வீட்டுப் பிள்ளை அந்த ஆளாக இருந்தால் தவறா?

பழக்கதோஷம், ஒரு கணக்கு போடுகிறேன். 1000 சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். நம் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆக 93-ஐ 800-ஆல் பெருக்கினால் 74,400 லிட்டர். ஆவியாகி, சிந்தி, ஐந்தில் ஒரு பங்கு போனாலும் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 60,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஐந்து லோடு. ஒரே ஒரு வீட்டின் கூரையில்! 2003-ல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். குழாய் வைத்தோம், அடைத்துக்கொண்ட பிறகு எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? அந்தத் தண்ணீரை நம்பி ஒரு தோட்டம் இருந்திருந்தால் கட்டாயம் திறந்து பார்த்திருப்போம்.

இனி அந்த அம்மாவுக்கு என் பதில்.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் மண்வெட்டி பிடித்ததில் கேவலம் எதுவும் இல்லை. அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் கொடுத்த மரியாதையில்தான் கேவலம் இருந்தது. உங்கள் மகன் அந்தப் பழைய கூலி வேலைக்குத் திரும்பவில்லை. எந்த மண்ணில் தண்ணீர் நிற்கும், எந்த மண்ணில் வடியும், எந்த மாதம் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று அப்பா மனதில் வைத்திருப்பதை மகன் வரைபடத்தில் கொண்டுவரப் பார்க்கிறான். அப்பாவிடம் இருக்கும் அந்தப் படிப்பைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் கல்லூரி எதுவும் இல்லை. அது உங்கள் வீட்டுச் சொத்து.

தம்பி, உனக்கும் சொல்கிறேன். நான் மேலே எழுதியவர்களில் ஒருவர்கூட ஒரே நாளில் தாவவில்லை. ஜெகில் வருஷக்கணக்காகத் தோட்டத்தில் கை பழகிய பிறகுதான் மாறினார். சர்மா வேலையில் இருந்தபோதே கற்றுக்கொண்டு, சொந்த வீட்டுப் பின்புறத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் ராஜினாமா கொடுத்தார். வீட்டுக் கடன் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் என்றாய். அதுவரை கம்பெனி வேலையை விடாதே. சனி, ஞாயிறில் இரண்டு மொட்டைமாடி, ஒரு பள்ளிக்கூடத் தோட்டம் செய். ஒரு கோடை அவை தாங்குகிறதா பார். தளியில் இஸ்ரேல் நாட்டு ஒத்துழைப்போடு நடக்கும் கொய்மலர் மகத்துவ மையத்துக்குப் போய்ச் சொட்டுநீரும் பசுமைக்குடிலும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிட்டு வா. முதல் தோட்டத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. ஓரமாக உட்கார வைக்க அல்ல, யோசனை கேட்க. உனக்குக் கீழே குழி தோண்ட வருகிற ஆளுக்கு நல்ல கூலியும் உட்கார நாற்காலியும் கொடு. இந்தத் தொழிலில் உன் அம்மாவுக்கு இருக்கும் பயம் அப்போதுதான் தீரும்.

மற்ற பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் உண்டு. உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை வரை ரோட்டின் இரண்டு பக்கமும் நம் ஊர் மரங்களை வைத்தே ஒரு தொடர் பூப்பு போட முடியுமா? நான் தொடங்கி வைக்கிறேன். தை மாசியில் கல்யாண முருங்கை, மாசி பங்குனியில் புரசு, சித்திரை வைகாசியில் சரக்கொன்றையும் புங்கனும், ஆடி ஆவணியில் கடம்பு, ஐப்பசி கார்த்திகையில் மந்தாரை. ஆனியும் புரட்டாசியும் மார்கழியும் காலியாக இருக்கின்றன. எந்த மரம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். போனில் தேடி எழுதினால் மார்க் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
உத்தனப்பள்ளி